கற்பூரம் ஆகாத அம்மன்

உத்திரமேரூரைத் தாண்டி நாலாவது கிலோமீட்டரில் பஸ் நின்றால் போதும், கண்டக்டர் விசிலே ஊத வேண்டாம். பாதி பஸ் இறங்கிவிடும். இறங்கியவர் கையிலெல்லாம் காலி பாட்டில். பட்டுத் தீர்த்தம் பிடிக்க வந்த கூட்டம் ஐயா, பட்டுத் தீர்த்தம்!

விஷயம் இதுதான். செவ்வந்தி என்றொருத்தி குடியிருக்கும் தெருவில் ஒரு பொதுக் கிணறு. மழைக்குப் பிறகு அதில் தண்ணீர் ஏறியது. ஏறிய தண்ணீரின் மேல் பச்சை, ஊதா, ரோஜா என்று என்னவோ மினுக்கியது. "அம்மன் பட்டுச்சேலைய அலசிட்டுப் போயிக்கீறா" என்றார் கன்னியப்பன். காஞ்சிபுரம் ஜில்லாவில் பட்டு என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யார் பேசுவார்கள்? அம்மனும் நம்ம ஊர்ப் பட்டுதான் கட்டுகிறாள் என்று ஊருக்கே பூரிப்பு.

கன்னியப்பன் யார்? கிணற்றுக்கு எதிரே ஆறு வருஷமாக மூடிக் கிடக்கிறதே ஒரு பெட்ரோல் பங்க், அதில் பதினோரு வருஷம் சூப்பர்வைசர். எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் காலில் விழுந்தார்கள். அன்றிலிருந்து பெயர் பட்டுச் சித்தர். பாட்டில் நூறு ரூபாய். தண்ணீரில் ஒரு வாடை வருமே? அது தெய்வ வாசனை. தலை சுற்றுமே? அது அருள். வாந்தி வருமே? உள்ளே இருக்கும் பாவம் வெளியே வருகிறது. மனுஷன் எதையும் வீணாக்கவில்லை.

கிணற்றருகே பீடி கூடாது என்றார். செல்போன் கூடாது என்றார். கற்பூரம் கூடவே கூடாது, இந்த அம்மனுக்குக் கற்பூரம் ஆகாது என்றார். வருஷா வருஷம் தீ மிதிக்கிற ஜனம், தீப்பொறியே ஆகாத ஓர் அம்மனை ஒரு கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது.

செவ்வந்தியின் மகள் நிஷாவுக்கு ஐந்து வயசு. பத்து நாளாகச் சாப்பிட்டது எதுவும் வயிற்றில் தங்கவில்லை. வாயெல்லாம் எரிச்சல். சித்தர் சொன்ன வைத்தியம், வேளைக்கு ஒரு சொம்பு தீர்த்தம். பெற்றவளே அதை மகளுக்குப் புகட்டிக்கொண்டிருந்தாள். எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

அப்போதுதான் வாலாஜாபாத்திலிருந்து பரிமளா வந்தாள். மண்ணையும் தண்ணீரையும் சோதிக்கிற கம்பெனியில் வேலை. பங்க் இடத்தை வாங்க நினைத்தவர், முதலில் மண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று அனுப்பியிருந்தார். மண் துளைக்கும் கம்பியோடு வந்தவள் கிணற்றடியில் செவ்வந்தியின் சொம்பை வாங்கி முகர்ந்தாள்.

"யக்கா, இத்தயா கொயந்தைக்குக் குடுக்கற?"

"ஆமா கண்ணு. சாமிதான் குடுக்கச் சொல்லிச்சி."

"பெட்ரோலு யக்கா இது! மூக்கு இன்னாத்துக்குக் கீது? மோந்து பாரு!"

"சும்மா கெட. அம்மன் கோச்சிக்கப் போவுது."

பேசிப் பயனில்லை என்று பரிமளா வேலையில் இறங்கினாள். பங்கில் ஒரு குழி, சாலையோரம் ஒரு குழி, கிணற்றுப் பக்கத்தில் ஒரு குழி. பங்கில் போட்ட குழியில்தான் வாடை மூக்கைத் துளைத்தது. அடியில் ஊறிய தண்ணீரிலும் அதே பட்டு மினுக்கியது. கூட்டத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அம்மன் கெணத்துலதான அலசினா? பங்குல அவளுக்கு இன்னா வேல?"

கூட்டம் சித்தரைப் பார்த்தது. சித்தர் அசரவில்லை.

"அடிப்பாவி! அம்மா நடந்து வந்த வழிய நோண்டிட்டியே! இது மூணும் அவ பாதம்!"

அவ்வளவுதான். பத்தே நிமிஷத்தில் மூன்று குழிக்கும் மஞ்சள், குங்குமம். பரிமளாவின் கம்பிக்குக்கூட யாரோ பொட்டு வைத்துவிட்டார்கள்.

பரிமளா பங்க் வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். எதிரே துருப்பிடித்த பழைய பலகை. 'புகை பிடிக்காதீர். தீ மூட்டாதீர். செல்போன் பயன்படுத்தாதீர்.' படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். குபீரென்று சிரித்தாள். எழுந்து நேரே பெட்டிக்கடைக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது கையில் தட்டு, கற்பூரம், தீப்பெட்டி.

"சாமி, தப்புப் பண்ணிட்டேன். அம்மாவுக்கு ஒரு ஆரத்தி காட்டிட்டுப் போயிடறேன்."

"கற்பூரம் ஆகாதுன்னு சொல்லிக்கினே கீறேன்..."

"ஆகலன்னா அம்மாவே அணச்சிடுவா. நீங்க எதுக்குப் பயப்படறீங்க?"

கூட்டத்துக்கு அது நியாயமாகப் பட்டது. "காட்டட்டும் வுடு சாமி!" என்றது. பரிமளா தட்டைக் கிணற்று விளிம்பில் வைத்தாள். தீப்பெட்டியைத் தூக்கினாள். சித்தர் ஓரடி பின்னால் போனார். இன்னும் ஓரடி போனார். பிறகு காவி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓட்டமெடுத்தார்.

"கொளுத்தாதடீ! குப்புன்னு பத்திக்கும்! அல்லாரும் எட்டப் போங்க! பங்க் டேங்கு ஒழுவிக்கினு கீதுடீ!"

பரிமளா தீப்பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் காட்டினாள். உள்ளே ஒரு குச்சிகூட இல்லை.

முதலில் துரத்திப் பிடித்தவள் செவ்வந்தி. மேல்சட்டை இல்லாத சாமியாரை எங்கே பிடிப்பது? தாடியைப் பிடித்தாள்.

"டேங்கு ஒழுவறது ஒனக்கு எப்போலேர்ந்துடா தெரியும்?"

"பங்க் மூடறதுக்கு முன்னாலியே... வாரா வாரம் சரக்கு கொறஞ்சிக்கினே இருந்துச்சிம்மா..."

"தெரிஞ்சிக்கினேதான் எம்பொண்ண குடிக்கச் சொன்னியா? இந்தா, இந்த சொம்ப நீ குடி. குடிடா!"

சித்தர் வாயை இறுக மூடிக்கொண்டார். அவர் குடிசைக்குள் போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்கள்: உள்ளே நாலு கேன் தண்ணீர், சீல் பிரிக்காமல்.

அன்றைக்கே நிஷாவைத் தூக்கிக்கொண்டு காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நாலாம் நாள் அவள் இட்லி கேட்டாள். செவ்வந்தி வார்டிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். கன்னியப்பனைப் போலீஸ் ஜீப் ஏற்றிப் போனது. தெருவுக்கு இப்போது லாரித் தண்ணீர் வருகிறது. அந்த டேங்கைத் தோண்டி எடுக்கிற வேலை நடக்கிறது. கிணறு சுத்தமாக வருஷக் கணக்கு ஆகுமாம். பரிமளா கிணற்றுக்கு மூடி போட்டு, 'விஷத் தண்ணீர், குடிக்காதீர்' என்று பெரிய பலகை நட்டுவிட்டுப் போனாள்.

போன வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் போனேன். பலகைக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழ மாலை போட்டிருந்தார்கள். சந்தனம் எழுத்தையெல்லாம் மறைத்துவிட்டது.

புண்ணியவான்களே, பலகையைக் கும்பிட்டது போதும். துடைத்துவிட்டுப் படியுங்கள்.