கைதட்டினால் எரியும் விளக்கு

கரவொலி அடிகள் மேடையேறியதும் மைதானமே எழுந்து நின்றது. நின்றவர்கள் கையிலெல்லாம் செப்பு வளையம். அடிகளின் சீடர்கள் வாசலிலேயே விற்ற வளையம். கை தட்டும்போது உள்ளங்கையில் பிறக்கிற மின்சாரத்தை வளையம் பிடிக்குமாம். மேடைக்கு மேலே தொங்கும் செப்புக் குடத்துக்கு அனுப்புமாம். குடம் அதை விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் பிரித்துக் கொடுக்குமாம். நடுவில் கம்பி வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை. அதுதான் நம்பிக்கை இருக்கிறதே, கம்பி எதற்கு?

மேடையோரத்தில் நின்று எல்லாரையும்விட வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தவர் கச்சேரிக்காரர். வருடா வருடம் கச்சேரி நடத்துகிறவர் என்பதால் ஊர் வைத்த பெயர் அது. பாவம், அவருக்கும் காரணம் இருந்தது. போன வருடக் கச்சேரிக்கு அவர் வைத்த ஜெனரேட்டர்கள் கக்கிய புகையில் பக்கத்துத் தெருவில் காயப்போட்ட வெள்ளைச் சட்டைகள் சாம்பல் நிறமாயின. பிளாஸ்டிக் டம்ளர்கள் மழைநீர் வாய்க்காலை அடைத்தன. புகையில்லாமல் ஒரு கச்சேரி நடத்திக் காட்டு, இல்லையென்றால் மைதானத்தை மறந்துவிடு என்று நகராட்சி கறாராகச் சொல்லிவிட்டது.

அவருடைய அக்கா பல் மருத்துவர். புகை புகுந்த தெருவில்தான் அவருடைய கிளினிக். அப்போதே சொன்னார்.

"மெயின் லைன்லேருந்து மைதானத்துக்குக் கரண்ட் இழு. ஆளுக்கொரு கார்ல வராம பஸ் விடு. கழுவி வைக்கிற டம்ளர் குடு. முடிஞ்சது."

"இதுல என்னக்கா அற்புதம் இருக்கு?"

"அற்புதம் இல்லடா. புகையும் இல்ல."

தம்பிக்கு அது சப்பென்று இருந்தது. லைன் இழுக்க வைத்திருந்த பணம் அடிகளின் மடிக்குப் போனது.

கச்சேரி தொடங்கியது. அதாவது, கைதட்டல் தொடங்கியது. பாட்டு அதற்குள் எங்கோ மாட்டிக்கொண்டது. ஒரு பாட்டு முடிந்ததும் பாடகி மேடையோரத்துக்கு வந்தாள். "அண்ணே, நான் பாடுறது எனக்கே கேக்கல."

"பரவாயில்லம்மா, லைட்டு எரியுது பாரு," என்றார் கச்சேரிக்காரர்.

தட்டுவது கொஞ்சம் தளர்ந்தால் போதும், விளக்கு மங்கும். உடனே சீடர்கள் வரிசை வரிசையாக ஓடி, "யாரு தட்டல, யாரு தட்டல?" என்று அதட்டுவார்கள். வலது கையில் மாவுக்கட்டுப் போட்ட ஒருவர் மாட்டினார். "ஒரு கை இருக்குல்ல? கன்னத்துல தட்டிக்குங்க," என்றான் சீடன். அவரும் பக்தியோடு தன்னைத் தானே அறைந்துகொண்டார். விளக்கு பளிச்சென்றது. பக்கத்தில் இருந்தவர்கள் அவரைப் பொறாமையாகப் பார்த்தார்கள்.

மேடைக்குப் பின்னால் ஒரு கூடாரம். அடிகள் மௌனமிருக்கும் இடமாம், யாரும் அண்டக் கூடாதாம். அதைச் சுற்றிச் சட்டி சட்டியாக வாசனைப் புகை.

"புகையில்லாத கச்சேரிக்கு இவ்வளவு புகை எதுக்குடா?" என்றார் அக்கா.

"சும்மா இரு, அக்கா. அது நல்ல புகை."

அக்கா சும்மா இருக்கவில்லை. நேரே மேடையேறி, பாடகியிடம் மைக்கை வாங்கினார்.

"நான் பல் டாக்டர். நாள் பூரா வாயைத் திறங்கன்னு சொல்றவ. இப்ப மூடுங்கன்னு கேக்கிறேன். யாரும் தட்ட வேண்டாம், பேச வேண்டாம். கை தட்டினாத்தானே லைட்டு? அணையுதா பாப்போம்."

அடிகள் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். கூட்டம் கையைக் கட்டிக்கொண்டது. விளக்கு மங்கியது. இன்னும் மங்கியது. அணைந்தேவிட்டது. மாலை மங்கலில் பலர் அடிகளை நோக்கிக் கும்பிட்டார்கள். கச்சேரிக்காரருக்கு நெஞ்சு விம்மியது. அக்காவைப் பார்த்து, 'இப்போ என்ன சொல்றே?' என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார்.

அப்போதுதான் அது கேட்டது. அன்று முழுவதும் யாருக்கும் கேட்காத சத்தம். மௌனக் கூடாரத்துக்குள்ளிருந்து.

டுபு டுபு டுபு டுபு.

"அது பூமியின் மூல நாதம்," என்றார் அடிகள்.

"மூல நாதத்துக்கு டீசல் நாத்தம் எப்படி வந்துச்சு?" என்று அக்கா இறங்கி நடந்தார். கூட்டம் பின்னால் நடந்தது. கச்சேரிக்காரரும் கடைசி ஆளாகப் போனார்.

கூடாரத் துணியை விலக்கினால், சுற்றிலும் மெத்தைகளை அடுக்கி நடுவில் ஒரு ஜெனரேட்டர். பக்கத்தில் முகமெல்லாம் கரியாக ஒரு சீடன். விளக்கைக் கூட்டிக் குறைக்கிற திருகில் ஒரு கை, கூட்டத்தைப் பார்க்கிற ஓட்டையில் ஒரு கண்.

அடிகள் அசரவில்லை. "அந்த இயந்திரமும் உங்கள் கைதட்டலில்தான் ஓடுகிறது."

இதைக் கேட்டுப் பத்துப் பேர் மறுபடியும் தட்ட ஆரம்பித்தார்களே, அதுதான் அன்றைய உண்மையான அற்புதம்.

"அப்படியா?" என்றார் அக்கா. சீடனிடம், "அதை நிறுத்துப்பா," என்றார். அவனுக்கும் காது வலி போலிருக்கிறது, உடனே நிறுத்திவிட்டான். "இப்ப எல்லாரும் தட்டுங்க. நல்லா தட்டுங்க."

தட்டினார்கள். மைதானம் அதிர்ந்தது. கச்சேரிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கை எரிய எரியத் தட்டினார். இந்த ஒரு தடவை மட்டும் எரிந்துவிடு என்று மனசு கெஞ்சியது. அடிகளும் வேர்த்து விறுவிறுத்துத் தட்டினார். ஒரு குண்டு பல்புகூடக் கண் சிமிட்டவில்லை. ஒவ்வொருவராகக் கையைக் கீழே போட்டார்கள். கடைசிவரை தட்டிக்கொண்டிருந்தது அடிகள் மட்டும்தான். தட்டிக்கொண்டே வாசல் பக்கம் நகர்ந்தவரை வளையம் வாங்கியவர்கள் வளைத்துக்கொண்டார்கள்.

கச்சேரிக்காரர் செத்துப்போன மைக்கை ஒதுக்கிவிட்டுத் தொண்டையைத் திறந்தார். "தப்பு என்னோடதுதாங்க. லைன் இழுக்க வெச்ச பணத்தை நான்தான் இவர்கிட்ட குடுத்தேன். நாளைக்கே நகராட்சிகிட்ட உண்மையைச் சொல்லி இன்னொரு வாய்ப்பு கேக்கிறேன். குடுத்தாங்கன்னா, லைன் இருக்கும், பஸ் இருக்கும். அற்புதம் ஒண்ணும் இருக்காது."

பழக்க தோஷம், கூட்டம் கை தட்டியது.

அக்கா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"போதும். இவ்வளவு நேரம் கையைத் தட்டினீங்க. இனிமே கொஞ்சம் மூளையைத் தட்டிப் பாருங்க. எரிஞ்சாலும் எரியும்."