வேகமாக ஓடிய கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடியது. வெங்கடரத்னம் மாஸ்டாருக்கு அது பிடிக்கவில்லை.

மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் டல்லாஸில். காக்கிநாடாவில் அவர் வீட்டுக் கதவைத் தட்டுகிற ஒரே ஆள் கம்ப்யூட்டர் கடையிலிருந்து பழுது பார்க்க வரும் அப்பல்நாயுடுதான். கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால்தான் அவரும் வருவார்.

மக்கர் பண்ண வைக்கும் வித்தையைத் தெரியாமல் சொல்லிக்கொடுத்ததும் நாயுடுதான்.

"புரோகிராமை நீக்கினாலும் ரெஜிஸ்ட்ரின்னு மிஷினுக்குள்ள இருக்கற பதிவேட்டுல அதோட பேரு மிச்சம் இருக்கும் மாஸ்டாரு. மிஷின் எழுந்ததும் போனவனையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டு நிக்கும். அதான் இழுக்குது."

மாஸ்டாருக்கு உடனே புரிந்தது. காலையில் இன்னமும் இரண்டு டம்ளர் காபி கலந்துவிடுகிறவர்தானே அவரும்.

அன்று முதல் இலவச ஜாதகப் பொருத்தப் புரோகிராம்களாகப் பார்த்து ஏற்றுவார், நீக்குவார். மகனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அப்பா இங்கே பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த முறை அது பலிக்கவில்லை. எத்தனை ஏற்றி நீக்கியும் கம்ப்யூட்டர் அசரவில்லை. ஆத்திரத்தில் ரெஜிஸ்ட்ரியைத் தானே திறந்து, கண்ணில் பட்டதையெல்லாம் அழித்தார். திரை கறுத்தது. அப்புறம் எழவே இல்லை.

அவருடைய செல்லுக்குப் போன் போட்டதும் நாயுடு ஓடி வந்தார். பகல் முழுக்க அதோடு மல்லுக்கட்டினார். தட்டில் வைத்த பெசரட்டு தோசை அப்படியே காய்ந்தது.

"எல்லாத்தையும் துடைச்சிட்டுப் புதுசாப் போட்டாச்சு மாஸ்டாரு. இனிமே வருஷக்கணக்கா மக்கர் பண்ணாது."

"நல்ல சேதிதானேப்பா. ஏன் இழவு வீட்ல நிக்கிற மாதிரி நிக்கிற?"

"ஒண்ணுமில்ல" என்று நாயுடு பையை மாட்டிக்கொண்டார்.

"காசு எவ்வளவு?"

"கடையோட சர்வீஸ் ஒப்பந்தத்துல அடங்கும்னு எத்தனை தடவை சொல்றது? வரேன்."

இனி எதற்கு வரப்போகிறார்? வீடு பாழாகக் கிடந்தது. மாஸ்டார் வெட்கத்தை விட்டுக் கடைக்குப் போன் செய்தார். கடை முதலாளி பார்கவி எடுத்தாள்.

"அம்மா, ஒவ்வொரு தடவையும் கெடுத்தது நான்தான். இனிமே கம்ப்யூட்டர் நல்லா இருந்தாலும் நாயுடுவைச் சனிக்கிழமை தோறும் அனுப்பி வைங்க. தனியா இருக்க முடியலம்மா."



"நாயுடுவா? அவர் போன சங்கராந்திக்கே வேலையை விட்டு நின்னுட்டாரே மாஸ்டாரு... இன்னுமா உங்க வீட்டுக்கு வர்றாரு?"