குண்டு எழுத்தில் நாய் ஜாக்கிரதை

"எழுத்துப்பிழை ஏதாவது இருக்கா, பாருங்க" என்றாள் மனைவி.

பிழைதிருத்துபவர் வாசல் கேட்டில் தொங்கிய புதுப் பலகையைப் பார்த்தார். ‘நாய் ஜாக்கிரதை.’ பிழை இல்லை. ஆனால் எழுத்துகள் பழைய காலத்து மிட்டாய் டப்பாவிலிருந்து இறங்கி வந்தவை போல ஆரஞ்சு நிறத்தில் உப்பிக்கொண்டு நின்றன. ‘ஜா’ வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுச் சம்மணம் போட்டிருந்தது. ‘கி’யின் சுழி வாலாட்டியது.

"பயமா இருக்கணும்னு சொன்னேனே."

"இதுதான் இப்ப ஓடுதாம். அச்சுக்கடைப் பொண்ணு சொன்னா."

வீட்டில் நாயே கிடையாது. அவருக்கு நாய் என்றாலே ஆகாது. பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் புத்தகங்களில் ஒற்றுப்பிழை தேடுகிற மனிதருக்கு, மணியடிக்கிறவர்கள் தொல்லை தாங்கவில்லை. அதற்குத்தான் பலகை.

அன்று மாலையே மணி அடித்தது. பக்கத்து வீட்டு இரட்டைக் குழந்தைகள்.

"மாமா, நாய்க்குட்டியக் காட்டுங்க."

"கடிக்கும்மா."

"இவ்ளோ குண்டு எழுத்துல போட்டா கடிக்காது மாமா."

மறுநாள் எழுத்துகளுக்குத் தானே கறுப்புப் பெயின்ட் அடித்தார். இப்போது அவை மழையில் நனைந்த குட்டிகள் போலப் பளபளத்தன.

"கறுப்புக் குட்டியா சார்? கொஞ்சம் தூக்கிட்டு வாங்களேன்" என்றார் தபால்காரர். எதிர்வீட்டு டீச்சரும் வந்து நின்றார்.

"அதுக்குக் காய்ச்சல். யாரையும் பாக்காது."

டீச்சர் நேரே போய்க் கால்நடை மருத்துவரை அழைத்துவந்துவிட்டார்.

"எங்க சார் பேஷன்ட்?"

"அது... ஊருக்குப் போயிருக்கு."

"காய்ச்சலோடயா?"

மருத்துவர் போனதும் பலகையைக் கழற்றிப் பரணில் போட்டார். நிம்மதி அரை மணி நேரம் தாங்கியது. இரட்டையர் வெறும் கேட்டைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்கள்.

"நாய் எங்க மாமா?"

அலுப்பில் வாய் தவறிவிட்டது. "செத்துப்போச்சு."

ஒன்று ஓவென்று அழ, இன்னொன்று தெருமுழுக்க ஓடிச் சொல்ல, கூடம் நிரம்பிவிட்டது. தபால்காரர் தொப்பியைக் கழற்றினார். மனைவி சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். "மொதல்ல அம்மாவத் தேத்துங்க சார்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

"மனசு ஆற இது ஒண்ணுதான் வழி" என்று, செய்தி கேட்டுத் திரும்பி வந்த மருத்துவர் கையோடு கொண்டுவந்த கூடையைத் திறந்து ஒரு நாய்க்குட்டியைப் பிழைதிருத்துபவர் மடியில் வைத்தார்.

அத்தனை பேர் எதிரில் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? குட்டி அவருடைய சிவப்புப் பேனாவை முகர்ந்தது, கொட்டாவி விட்டது, அங்கேயே தூங்கிப்போனது. கால் மரத்துப்போயும் அவர் அசையவில்லை.

"மூச்சு விடறதப் பாரேன்" என்றார் மனைவியிடம், மெதுவாக. "நாம கேக்காமலே வந்துடுச்சு."

அப்போது அச்சுக்கடைப் பெண் பொட்டலத்தோடு படியேறினாள்.

"அக்கா, நீங்க சொல்லியிருந்த ‘பூனை ஜாக்கிரதை’யும் அதே எழுத்துல ரெடி. இன்னிக்கே மாட்டிடவா?"