ரத்தத்தில் பால்கோவா ஏற்றிய ரூட்டு அக்கா

மனித உடம்புக்குள் பால்கோவா ஓடுவதைக் கண்டுபிடித்த ஒரே ஆள், இந்த உலகத்திலேயே எங்கள் ரூட்டு அக்காதான். எத்தனையோ பேர் கண்ணாடியும் கோட்டும் மாட்டிக்கொண்டு ராப்பகலாக ஆராய்ச்சி செய்கிறார்களே, அவர்களில் ஒருத்தருக்காவது இது தோன்றியிருக்குமா? தோன்றாது. அதற்கு அவர்கள் செட்டியார்பட்டியில் குடியிருந்து, ராஜபாளையத்தில் பஸ் மாறி, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேலைக்குப் போயிருக்க வேண்டும்.

நான் லேப் டெக்னீஷியன் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்த காலம் அது. காலம் என்றதும் மாட்டுவண்டிக் காலம் என்று நினைத்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் நோட்ஸ் அனுப்பி, அதைத் திறந்தே பார்க்காத காலம்தான். கல்லூரி, ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி மதுரை ரோட்டில் இருந்தது. உடற்கூறியலும் உடலியங்கியலும் சேர்த்து ஒரு பேப்பர். அதில் மண்ணைக் கவ்வியவர்களை எல்லாம் பொறுக்கி எடுத்து, வருடம் முழுக்க நடத்தியதை ஒரே மாதத்தில் மறுபடி நடத்தி, கடைசியில் வைவா என்று வாய்மொழித் தேர்வு வைப்பார்கள். தீவிரப் பயிற்சி என்று அதற்குப் பெயர். காலையில் மண்டையோட்டில் ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்குள் இடுப்பெலும்பு வந்துவிடும். சாயங்காலம் கால் விரலுக்கு வந்து சேரும்போது எங்கள் மண்டையோட்டுக்குள் காற்றுதான் இருக்கும்.

என்னோடு அந்தப் பயிற்சியில் உட்கார்ந்திருந்த ரூட்டு அக்காவுக்கு நாற்பதை ஒட்டிய வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கிளினிக்கில் தரை துடைக்கிற வேலை. 'பாஸ் பண்ணிட்டு வா, உன்னை லேப்ல உக்கார வைக்கேன்' என்று அங்கிருந்த டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு பாடும்.

"ஏட்டி, இம்புட்டு நாளும் அடுத்தவன் சிந்துன ரத்தத்தத் துடைச்சே என் இடுப்பு ஒடிஞ்சு போச்சு. இனிமே நானே குத்தி எடுக்கணும்ட்டி" என்பாள். சொல்லும்போதே என் முழங்கையை ஒரு மாதிரியாகப் பார்ப்பாள். நான் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொள்வேன்.

நானாவது அந்தப் பேப்பரில் முதல் தடவை தோற்றவள். அவளுக்கு இது கடைசி வாய்ப்பு. இதிலும் போனால் பெயரையே எடுத்துவிடுவோம் என்று கல்லூரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் புத்தகத்தில் இருக்கிற பெயர் ஒன்றுகூட அவள் தலையில் ஒட்டாது. பஸ் ரூட் மட்டும் பசை போட்டு ஒட்டியிருக்கும். எந்த வண்டி எங்கே நிற்கும், எந்த டிரைவர் கை காட்டினாலும் நிறுத்தாமல் போவான், எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. ரூட்டு அக்கா என்று பெயர் வந்தது அப்படித்தான்.

இதயம் நடத்திய அன்று, அனாட்டமி மேடம் போர்டில் நாலு அறை வரைந்து, உள்ளே வருகிற அம்பு, வெளியே போகிற அம்பு என்று போட்டுக்கொண்டே போனார். எங்களுக்குக் கண்ணைக் கட்டியது. அக்கா மட்டும் எழுந்து நின்றாள்.

"மேடம், இது நம்ம பஸ் ஸ்டாண்டுல்லா?"

"எது?"

"இந்தா பாருங்க. வலது பக்கம் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு. ஊரூரா சுத்துன வண்டியெல்லாம் காலி டப்பாவோட இங்க வந்து நிக்கி. இங்கன இருந்து கிளம்புனா ஸ்ரீவில்லிபுத்தூரு. அதான் நுரையீரலு. அங்க பால்கோவா ஏத்துதாவ. பொறவு திரும்பி வந்து இடது பக்கம், புது பஸ் ஸ்டாண்டு. அங்க இருந்து எல்லா ஊருக்கும் சப்ளை."

"பால்கோவாவா?"

"ஆக்சிஜன், மேடம்."

மேடம் சாக்பீஸும் கையுமாக அப்படியே நின்றார். எங்காவது தப்புக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று போர்டை மேலும் கீழும் பார்த்தார். கிடைக்கவில்லை. அன்றோடு வகுப்பு முழுக்க அந்த பஸ்ஸில் ஏறிவிட்டது. வால்வு என்றால் ஒன்வே. சிறுநீரகம் என்றால் செக்கிங் இன்ஸ்பெக்டர், வேண்டாததை இறக்கிவிடுகிறவர். ஒரு நாள் மேடமே வாய் தவறி, "மூளைக்குப் பால்கோவா போகலைன்னா ஆள் காலி" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அக்காவின் தொல்லை வகுப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. லேபில் ஒரு எலும்புக்கூடு தொங்கும். அதைத் தொட்டுப் படிக்கும் முன்னால் அக்கா தன் துண்டை எடுத்து அதன் இடுப்பில் கட்டிவிடுவாள்.

"அக்கா, அது பிளாஸ்டிக்!"

"பிளாஸ்டிக்குன்னா மானம் மரியாத கிடையாதாட்டி? பொம்பளப் பிள்ளைக இத்தன பேரு சுத்தி நிக்கோம், அவிய எம்புட்டு சங்கடப்படுதாவளோ!"

இடுப்பெலும்பைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாமல் போனதற்கு அந்தத் துண்டுதான் முழுக் காரணம்.

பரோட்டாக் கடைக்கு அவளைக் கூட்டிப்போனது என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய பைத்தியக்காரத்தனம். முதல் வாயை மென்றுகொண்டே, "இப்ப எச்சி ஊறுது... இப்ப தொண்டைக்குள்ள எறங்குது... இப்ப இரப்பையில ஆசிட்டு விழுது..." என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள். பக்கத்து மேசைக்காரர் சால்னாவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பெருங்குடலுக்கு வருவதற்குள் கை கழுவப் போய்விட்டார். "தம்பி, இந்தம்மாவுக்கு இனிமே பார்சல்தான்" என்று முதலாளி சப்ளையரிடம் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது.

வைவா நாள் வந்தது. எங்கள் நேரம், அன்றைக்குப் பார்த்து ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரோட்டம். ஊருக்கே விடுமுறை. எங்களுக்கு மட்டும் கிடையாது, எக்ஸாமினருக்கு அன்றுதான் தோதுப்பட்டதாம். நானும் அக்காவும் ராஜபாளையத்தில் பஸ் ஏறினோம். ஊர் எல்லையில் இருக்கிற மடவார்வளாகத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே போலீஸ் மறித்து, ஊருக்குள் விடாமல் வண்டியை வயக்காட்டுப் பாதையில் திருப்பிவிட்டார்கள். நெரிசலில் என் கால் எது, அடுத்தவர் கால் எது என்றே தெரியவில்லை. அக்கா படியில் தொங்கிக்கொண்டு, கண்ணை மூடி ரத்த ஓட்டத்தை மனப்பாடம் செய்துகொண்டே வந்தாள்.

கல்லூரி வாசலில் மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன். பால்கோவா, பஸ் ஸ்டாண்டு, எதுவும் வாயில வரக் கூடாது. புத்தகத்துல உள்ள பேரு மட்டும்தான். இது கடைசி சான்ஸ்."

"வராது மேடம். சத்தியமா வராது."

இரண்டிரண்டு பேராக உள்ளே விட்டார்கள். நானும் அக்காவும் ஜோடி. எக்ஸாமினர் தென்காசிக்காரர். சட்டை கசங்கி, வியர்த்து விறுவிறுத்து, யார் மீது எரிந்து விழலாம் என்று காத்துக்கொண்டிருந்தார்.

"ரத்த ஓட்டம் சொல்லுங்க" என்றார் அக்காவிடம்.

அக்கா அழகாகத்தான் ஆரம்பித்தாள். "வலது ஏட்ரியம் சார். அங்க இருந்து வலது வென்ட்ரிக்கிள். அங்க இருந்து பல்மனரி ஆர்ட்டரி வழியா..." இங்கே கண்ணை மூடினாள். "வழியா... கிளம்பி... மடவார்வளாகத்துகிட்ட வரும்போது..."

"எங்க வரும்போது?"

"திருப்பி விட்டுட்டாவ சார்."

"யாரு?"

"போலீசு சார்."

கதவுக்குப் பக்கத்தில் மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சரி, அப்புறம் ரத்தம் எங்க போச்சு?"

"சுத்தி வந்து இடது ஏட்ரியத்துல நின்னுருச்சு சார்."

"என்னம்மா இது, நுரையீரலுக்கே போகலையே!"

"இன்னைக்குப் போவாது சார். தேரு."

நான் குபீரென்று சிரித்துவிட்டேன். அடக்கத்தான் பார்த்தேன், மூக்கு வழியாக வந்துவிட்டது. எக்ஸாமினர் என் பக்கம் திரும்பினார். "சிரிக்கியே, நீ சொல்லு பாப்போம். வலது வென்ட்ரிக்கிள்ல இருந்து எங்க போவும்?"

எனக்கும் அந்த வயக்காடுதான் கண் முன்னால் வந்து நின்றது. வேறு ஒன்றுமே வரவில்லை.

"நிக்கி சார்."

"எது?"

"ரத்தம் சார். பழைய பஸ் ஸ்டாண்டுலயே நிக்கி."

அவர் எனக்கு எவ்வளவு போட்டார் என்பதைக் கேட்காதீர்கள். மறுபடி அக்காவிடம் திரும்பினார். அக்காவின் கண் நிறைந்திருந்தது. அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. என் சிரிப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"சார், இது போச்சுன்னா எனக்குப் பொறவு கிடையாது சார். எனக்குத் தெரியும் சார். தேரு இல்லாத நாளு கேளுங்க, கரெக்டா ஓட்டிருவேன்."

எக்ஸாமினர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"நீங்களும் அந்த வயக்காட்டு பஸ்லயாம்மா வந்தீங்க?"

"ஆமா சார். படில."

"நான் எஞ்சின் மேல" என்றார் அவர். வலித்த இடத்தைக் காட்ட முடியாமல் நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். "சரி. தேர் நிலைக்கு வந்துருச்சு. ரோட்டைத் திறந்துட்டாங்க. இப்ப எடுங்க வண்டிய."

அக்கா எடுத்தாள் பாருங்கள்! வலது ஏட்ரியத்தில் கிளம்பி, ஒவ்வொரு வால்வுக்கும் பெயர் சொல்லி, நுரையீரலில் ஏற்ற வேண்டியதை ஏற்றி, இடது பக்கம் வந்து, பெருந்தமனியில் ஒரே அமுக்காக அமுக்கி, கால் கட்டைவிரல் வரைக்கும் போய் வந்தாள். சிறுநீரகத்தில் நின்று செக்கிங்கும் முடித்துக் கொடுத்தாள். ஒரு இடத்தில்கூட வண்டி நிற்கவில்லை.

"ரோட்டைத் திறக்கவே இல்லைன்னா ஆளுக்கு என்ன ஆவும்?" என்றார் எக்ஸாமினர்.

"மூச்சு முட்டிச் செத்துருவாவ சார். அதனால லேபுல உக்காந்த பொறவு தேரோட்டத்தன்னைக்கு நான் லீவே போட மாட்டேன் சார்."

அவர் சிரித்தே விட்டார். அக்கா பாஸ். நான் பெயில். ரிசல்ட் வந்த அன்று, அக்கா தன் ரிசல்ட்டைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள், என்னுடையதைப் பார்த்து அதைவிடப் பெரிய சத்தம் போட்டாள்.

அடுத்த தீவிரப் பயிற்சியில் புது ஆட்களுக்கு நடுவில் நான் மட்டும் பழைய முகமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மண்டையோடு ஆரம்பித்து அரை மணி நேரம் இருக்கும். கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தாள், வெள்ளைக் கோட்டோடு. கிளினிக்கில் இருந்து நேராக வந்திருக்கிறாள். வந்து, என்னை இடித்துத் தள்ளிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்குத்தான் முடிஞ்சு போச்சே, இங்க எதுக்கு வந்தீங்க?" என்றார் மேடம்.

"முடிஞ்சது மேடம். இவளத் தனியா ஏத்தி விட மனசு வரல. ஒரு ஓரமா உக்காந்துக்கிடுதேன்."

நான் குனிந்துகொண்டேன். அவள் பார்க்கக் கூடாது என்றுதான். பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, மேடம் இன்னும் கண்ணீர்ச் சுரப்பியே நடத்தல. அதுக்குள்ள உனக்கென்ன அவசரம்?" என்று துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

எனக்குக் கூடப்பிறந்த அக்கா கிடையாது. அன்றைக்கு அப்புறம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.