நாவலில் வந்த தாய்மாமன்

விருத்தாசலம்,
18.3.2007

பெருமதிப்பிற்குரிய பெண்ணாடம் மச்சான் தங்கதுரை அவர்களுக்கு, செராமிக் தொழிற்பேட்டை பொம்மைக் கம்பெனி சுப்புராயன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை அம்புஜவல்லி, மகள் வேல்விழி, சூளை எல்லாம் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் உங்கள் பிள்ளை கோகுலகிருஷ்ணனும், வெட்டுக்கு நிற்கும் கரும்பும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்பேன். அதனால்தான் கடிதம்.

வேல்விழிக்கும் கோகுலுக்கும் சித்திரையில் நிச்சயதார்த்தம் என்று நீங்கள் முடிவு செய்து, எனக்கும் தெரிவித்தீர்கள். தாய்மாமன் சொன்ன பிறகு மறுபேச்சு உண்டா? நானும் மண்டபத்துக்குச் சொல்லி வைத்தேன். அதற்குள் குறுக்கே ஒரு சிறுவர் நாவல் வந்து விழுந்துவிட்டது. வேல்விழி பி.ஏ. இங்கிலீஷ் கடைசி வருஷம் அல்லவா, ஆளுக்கொரு பழைய சிறுவர் நாவலை எடுத்து, அதில் யார் எப்படிப்பட்ட ஆள், கதை எப்படி நகர்கிறது, உவமை உருவகம் எங்கே இருக்கிறது என்றெல்லாம் ஆராய்ந்து வகுப்பில் பேச வேண்டுமாம். "மூணு வருஷம் படிச்சதுக்குக் கொழந்தைங்க கதையா?" என்று கேட்டேன். "கொழந்தைங்க கதையிலதாம்பா பெரியவங்க பண்ற வேலையெல்லாம் நல்லா தெரியுது" என்றாள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

புத்தகத்தின் பெயர் என் வாயில் நுழையவில்லை. தாய் தகப்பன் இல்லாத ஒரு பெண் ஆற்றங்கரையில் தாய்மாமன் வீட்டில் வளர்கிறாள். மாமன் நல்லவர். வேளைக்குச் சாப்பாடு, பண்டிகைக்குத் துணி, ஒரு குறையும் இல்லை. ஆனால் அவள் படகுத்துறைப் பக்கம் எட்டிப் பார்க்கும்போதெல்லாம், வெள்ளம் வரும், திருடன் வருவான் என்று சொல்லி வீட்டுச் சுவரில் ஒரு வரிசை செங்கல் ஏற்றுகிறார். கடைசியில் வீட்டுக்குள் வெயிலே வருவதில்லை. "பார், எவ்வளவு குளிர்ச்சி" என்று அதற்கும் பெருமைப்படுகிறார். ஒருநாள் பெண் படகேறிப் போய்விடுகிறாள். எனக்கு அந்த மனுஷன்மேல் ஒரு குற்றமும் தெரியவில்லை, சொந்தச் செங்கல், சொந்தச் சுவர். வேல்விழியோ, "அது செங்கல் இல்லப்பா, உருவகம். அவரோட பாசந்தான் அந்தச் செவுரு" என்கிறாள். மண்ணைச் சுட்டுப் பிழைக்கிறவனிடம் வந்து செங்கல் செங்கல் இல்லை என்றால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

சாயங்காலம் அம்புஜம் காய் நறுக்கும்போது இவள் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் கதை சொல்வாள். முதலில் உங்கள் தங்கை மாமன் பக்கம்தான். "பெத்த பொண்ணு மாதிரி பாத்துக்குறாரு, இதுக்கு மேல என்னா வேணுமாம் அவளுக்கு?" என்றாள். எந்த மாமனைச் சொன்னாலும் அவளுக்கு உங்கள் ஞாபகம்தான். பிறகு, இனி இது உனக்கு எதற்கு என்று மாமன் அந்தப் பெண்ணின் சிலேட்டைப் பரண்மேல் போடும் இடம் வந்தது. அம்புஜம் அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டாள். "என்னையும் எட்டாவதோட நிறுத்துனாங்க. எங்கண்ணனும் நல்லவருதான்" என்றாள். அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இல்லை. நான் நன்றாயிருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். நான் போய்க் கதையைக் கம்பெனியில் சொல்லித் தொலைத்தேன். பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிறவர்களில் ரெஜினா மாமன் கட்சி, பிரபா படகுக் கட்சி. சண்டையில் படகுக் கட்சி ஜெயித்து, ரெஜினாவும் அதில் சேர்ந்துகொண்டாள். அந்த வேகத்தில், கண்திருஷ்டிக்கு வாசலில் மாட்டும் பூத முகங்களுக்கெல்லாம் நாவல் மாமனையே வரைவோம் என்று கிளம்பிவிட்டார்கள். நாவல் மாமனை யார் பார்த்தது? போன மாதம் நீங்கள் டிராக்டரில் வந்து இறங்கி, "பொண்ணு படிச்சது போதும்யா!" என்று சூளை அதிரச் சொன்னதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். முறுக்கிய மீசை, நெற்றியில் மூன்று மடிப்பு, முறைத்த கண். சூளையில் வெந்து வெளியே வந்த பிறகுதான் என் கண்ணில் பட்டது. வெந்த வண்ணத்தை அழிக்க முடியாது மச்சான். உடைக்கவும் மனசு வரவில்லை, உங்கள் முகமாயிற்றே. அதனால் விற்றுவிட்டேன். சேத்தியாத்தோப்புப் பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் எல்லாம் உங்களைத்தான் வாசலில் மாட்டுகிறார்கள். பெண்ணாடத்துக்கு மட்டும் ஒன்றுகூட அனுப்பவில்லை. மரியாதை தெரிந்தவன் நான்.

கோகுல் வந்து பேசினால் சரியாகும் என்று நினைத்து அவரை வரவழைத்தேன். வேல்விழி டீயோடு புத்தகத்தையும் கொடுத்து அனுப்பினாள். பாவம், அகராதி வைத்துக்கொண்டு முழுசும் படித்துத் திருப்பிக் கொண்டுவந்தார். "கதையில மாப்பிள்ளையே வரலையே?" என்று கவலையாகக் கேட்டார். "அவ தேடவே இல்லீங்களே" என்றாள் இவள். "கரெக்ட்டுதான்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் வகுப்பில் பேசிய அன்று நானும் போய் வாசலில் நின்றேன். இங்கிலீஷ் ஒன்றும் புரியவில்லை. ஆனால் அத்தனை பேர் எதிரில் என் பெண் ஒரு தடவைகூடத் தரையைப் பார்க்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது மச்சான். உங்கள் எதிரில் நான் ஒரு தடவையாவது அப்படி நின்றிருக்கிறேனா?

இதிலெல்லாம் என் கருத்து எதுவும் கிடையாது. அம்புஜம் மறுக்கவில்லை, வேல்விழி மறுக்கவில்லை, நான் மறுப்பேனா? நாவல்தான் கொஞ்சம் தொந்தரவு செய்கிறது. ஆகவே நிச்சயதார்த்தத்தை ஆவணிக்கோ தைக்கோ, நாவலின் வேகம் தணியும்வரை தள்ளிவைக்க அனுமதி தருமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம். கோகுலுக்கு ஆசீர்வாதம். கரும்புக்கு நல்ல விலை கிடைக்க விருத்தகிரீஸ்வரர் துணை நிற்கட்டும்.

என்றும் உங்கள் சொல்லைத் தட்டாத,
சுப்புராயன்

பி.கு.: அண்ணா, நான் அம்புஜம் எழுதுகிறேன். இவர் எழுதியதை முழுசும் படித்தேன். வேண்டாம் என்ற வார்த்தையைத் தேடிப் பார்த்தேன், எங்கேயும் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன். வேண்டாம். ஆவணியும் வேண்டாம், தையும் வேண்டாம். கோகுல் தங்கமான பிள்ளை, அவனுக்கு வேறு நல்ல இடம் பாருங்கள். நாவலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போன அன்றைக்கே நான் முடிவு பண்ணிவிட்டேன். ஜூலையில் வேல்விழியைப் பாண்டிச்சேரியில் எம்.ஏ. சேர்த்து ஹாஸ்டலில் விடுகிறோம். தாய்மாமன் முறை உங்களுடையதுதான், அதை யாரும் பறிக்கவில்லை. வந்து அவள் பெட்டியைத் தூக்குங்கள். நீங்கள் வராவிட்டால் நான் தூக்கிக்கொள்வேன்.