எஸ்/ஓ இல்லாத மாமனார்

கம்ப்யூட்டரை முட்டாள் என்று திட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பாவம், அது சொன்னதைச் செய்கிறது. முட்டாள், அதற்குச் சொல்லிக்கொடுப்பவன். எண்பதுகளில் ஜூரோங்கில் ஒரு பாட்டில் தொழிற்சாலை அந்த வேலைக்கென்றே என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது.

கண்ணாடி உருக்கும் உலையை அணைக்க முடியாததால் தீபாவளியன்றும் ஷிஃப்ட் உண்டு. இந்துக்களுக்கு லீவு கொடுக்கப் பெயர்களைப் பிரித்துத் தரச் சொன்னார் மேனேஜர். ஆட்களிடமே கேட்டிருந்தால் ஒரு மத்தியானத்தில் முடிந்திருக்கும். (கேட்பதா? படித்தவன் கேட்பானா?) சிங்கப்பூரில் நம்மவர் பெயர்களில் 'இன்னார் மகன்' என்பதற்கு எஸ்/ஓ என்று போடுவார்கள். பெயருக்குள் அந்த எழுத்துகள் இருந்தால் லீவு, இல்லையென்றால் வேலை. ஒரே வரியில் புரோகிராம் எழுதிவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அச்சாகி வந்த தாளைப் படித்துப் பார்க்கக்கூட இல்லை.

அது எனக்குத் தலை தீபாவளி. பூன் லேயில் இருந்த மாமனார் வீட்டில் மாமியார் என் தலையில் எண்ணெய் வைத்தார். மாமனாரைக் காணோமே என்றேன். அவரும் எங்கள் ஆலையில்தான் பாட்டில் அடுக்கும் வேலையில் இருந்தார்.

"வேலைக்குப் போய்ட்டாங்க. ஏதோ கம்ப்யூட்டர் போட்ட ஷிஃப்ட்டாம். நீங்கதான் அதுல பெரிய ஆளாச்சே, என்னன்னு கேளுங்களேன்."

மாமனார் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். ஊர் வழக்கப்படி அப்பா பெயருக்கு ஓர் இனிஷியலோடு வெறும் வெ. வைத்திலிங்கம், எஸ்/ஓ கிடையாது. நெற்றி நிறைய விபூதி பூசும் அந்த மனிதரை உலைக்கு அனுப்பிவிட்டு, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் அந்தோணிக்கு, பெயரில் எஸ்/ஓ இருந்ததற்காக, லீவு கொடுத்திருந்தது என் மூளை.

எண்ணெய்த் தலையோடு பஸ் ஏறி ஓடினேன். மாற்று ஆள் இல்லாமல் அனுப்ப முடியாது என்றார் சூப்பர்வைசர். வேறு யார் இருக்கிறார்கள்? நானே நின்றேன். மாமனார் கையுறைகளைக் கழற்றி நிதானமாக என்னிடம் நீட்டினார்.

"மாப்பிள்ள, பாட்டில்ல பேரெல்லாம் தேடாதீங்க. சூடா இருக்கான்னு மட்டும் பாருங்க."

அவர் வீட்டுக்குப் போய் எனக்குச் செய்த பலகாரத்தைச் சாப்பிட்டார். நான் கண்ணில் எண்ணெய் வழிய, உடைத்த பாட்டில்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அவமானத்தில் அழுகையே வந்தது. (எண்ணெய் எரிச்சல் என்று சமாளித்தேன்.)

என் மகன் பிறந்தபோது மாமனார் அவனைக் கையில் வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி:

"உனக்கு எஸ்/ஓ போட்டாங்களாடா? இல்லேன்னா உங்கப்பா தீபாவளிக்கு வேலைக்கு அனுப்பிடுவாரு லா."

அவனுக்கே இப்போது கல்யாண வயது. இதைச் சொல்லிச் சிரிக்காமல் எங்கள் வீட்டில் இன்னும் யாரும் தீபாவளிக்குத் தலையில் எண்ணெய் வைப்பதில்லை.