அத்தியாவசியமானவை மட்டும்

ஹாக்கி அரங்கத்து வாகன நிறுத்தம்,
வடக்கு ஆல்பர்ட்டா.

மதிப்பிற்குரிய மச்சான் ரோமன் அவர்களுக்கு,

தங்கள் தங்கை ஸ்டெஃபாவைக் கைப்பிடித்த வாசில் வணக்கத்துடன் எழுதுவது. நான், ஸ்டெஃபா, பூனை மூவரும் நலம். வின்னிபெக்கில் தங்கள் வீட்டில் அனைவரும் சுகம் என்று நம்புகிறேன். தாங்கள் அனுப்பிய கம்பளிக் காலுறைகளை மாட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். மகராசனாக இருங்கள்.

காட்டுத்தீயைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். என் கதையை அதில் காட்டியிருக்க மாட்டார்கள். ஊரைக் காலி செய்யச் சொன்ன நகராட்சிக்காரர்கள், "அத்தியாவசியமானவற்றை மட்டும் எடுத்துச் செல்லவும்" என்று ஒரு வார்த்தையைப் போட்டுத் தொலைத்தார்கள். அத்தியாவசியம் என்றால், எது இல்லாமல் நம்மால் இருக்கவே முடியாதோ அது. சரிதானே மச்சான்? அந்த அர்த்தப்படி உங்கள் தங்கை வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் கேரவனில் ஏற்றியது பூனை, தையல் மெஷின், பீட்ரூட் ஊறுகாய் ஜாடி அத்தனையும், உங்கள் அப்பா படம், அப்புறம் பக்கத்து வீட்டு டக்ளஸுக்குத் திருப்பித் தரவேண்டிய கேக் தட்டு. அந்த டக்ளஸ் அங்கேயேதான் நிற்கிறான், கையில் கொடுத்தால் முடிந்தது! சரி, நான் மட்டும் சும்மா இருப்பேனா, நானே சுட்ட மூஸ் மானை நெருப்புக்குக் கொடுப்பதா என்று நிலவறைக்கு இறங்கி, ஃப்ரீசரிலிருந்து ஒரு தொடையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மேலே வந்தால், வாசலில் ஒரு வண்டியும் இல்லை. நான் டக்ளஸ் வண்டியில் இருப்பதாக அவள் நினைத்திருக்கிறாள். அவள் வண்டியில் இருப்பதாக டக்ளஸ் நினைத்திருக்கிறான். என் போனோ அவள் கைப்பையில்.

தெருவில் ஈ காக்கை இல்லை. புகையில் எதிர்வீடு தெரியவில்லை. பயந்துவிட்டேன் மச்சான், மறைப்பானேன். இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் ஊறுகாய்க்கு இருக்கிற மரியாதை நமக்கு இல்லாமப் போச்சே என்று அந்த இறைச்சியைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அதே நேரம், ஊர்க்காரர்களைத் தங்கவைத்திருக்கும் இந்த அரங்கத்துக்கு வந்து இறங்கி என்னைக் காணாத உங்கள் தங்கை, கேரவனைக் கழற்றிப் போட்டுவிட்டு வண்டியைத் திருப்பியிருக்கிறாள். சாலைத் தடுப்பில் ஒரு போலீஸ்காரப் பெண் மறித்தாளாம். அந்தப் போலீஸ்காரப் பெண்ணே பிற்பாடு என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

"அத்தியாவசியமா எதையாவது விட்டுட்டீங்களாம்மா? மருந்தா, பத்திரமா?"

"அத்தியாவசியம்னு சொல்ல முடியாது. வயசாயிடுச்சு, காது கேக்காது, ராத்திரி பூரா குறட்டை. ஆனா அது பக்கத்துல இல்லன்னா எனக்குத் தூக்கம் வராது."

"நாயாம்மா?"

"புருஷன்!"

"ஐயையோ! நீங்க இங்கயே இருங்க, நாங்க ஆள் அனுப்பறோம்."

"யாரோ கூப்பிட்டா அது வராது தாயி. வேணும்னா நீயும் கூட வா."

அந்தப் புண்ணியவதி சைரன் போட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். பின்னாலேயே உங்கள் தங்கை. கண்ணாடியை இறக்கி, "ஏறுய்யா! மானோட என்ன கொஞ்சல்?" என்றாள். கல்யாணத்தன்று சர்ச்சில் கேட்ட வார்த்தைகூட என் காதில் அவ்வளவு இனிக்கவில்லை மச்சான்.

வீடு மிஞ்சியதா என்று இன்னும் தகவல் இல்லை. போனால் போகட்டும். அந்தப் போலீஸ்காரப் பெண்ணுக்கு நன்றி, நெருப்போடு மல்லுக்கட்டும் பிள்ளைகளுக்கு நன்றி, இப்படி ஒருத்தியை வளர்த்துக் கொடுத்த உங்கள் குடும்பத்துக்குக் கோடி நன்றி. உங்கள் அடுப்பு அணையாமலும் கூரை பற்றாமலும் கடவுள் காக்கட்டும்.

என்றும் தங்கள்,
வாசில்

பி.கு.: ஸ்டெஃபா இதைப் படித்துவிட்டாள். "ஒனக்காக ஒண்ணும் வரல. கேரவன் சாவி ஒன் சட்டைப் பையில இருந்துச்சு, அதுக்குத்தான் வந்தேன்" என்கிறாள். ஆகவே மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடவும். ஆனால் டக்ளஸை விசாரித்தேன். பூனையைக் கேரவனுக்குள் விட்டுப் பூட்டிவிட்டுத்தான் என்னைத் தேடி ஓடினாளாம். சாவி இல்லாமல் எப்படிப் பூட்டினாள் என்று நான் அவளிடம் கேட்கப்போவதில்லை.